கல்யாணப் பத்திரிகையில் மட்டும் நான் பி.இ.

இந்த ஊரில் எல்லோரும் என்னை என் அப்பாவின் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். நான் குடியிருக்கும் கட்டடத்தின் வாசலில் அழைப்பு மணிகள் வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு சின்னச் சீட்டு, அதில் குடும்பப் பெயர் மட்டும். நமக்கு ஏது குடும்பப் பெயர்? பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் இருந்த கட்டத்தைப் பார்த்து அதையே அச்சடித்து ஒட்டிவிட்டார்கள்: பழனிசாமி. கோயமுத்தூரில், கணபதிப் பக்கம் ஒரு பவுண்டரியில் வாழ்நாள் முழுக்க மணல் அச்சு இடித்துக்கொண்டிருந்த உங்கள் தாத்தா, ஊரை விட்டுத் தள்ளிப் போனதெல்லாம் ஆனைமலை மாசாணியம்மன் கோவில் வரைக்கும்தான். செத்தபிறகு ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில், இரண்டாவது மாடியில் குடியிருக்கிறார். கரண்ட் பில் அவர் பெயருக்கு வருகிறது. பார்சல்காரர் கீழேயிருந்து மணியடித்து "ஹெர் பழனிசாமி" என்று கூப்பிடும்போது, இத்தனை வருஷம் கழித்தும், உள்ளறையிலிருந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அப்பா எழுந்து வருவார் என்பதுபோல ஒரு கணம் சும்மா நின்றுவிடுகிறேன்.

கீழ் வீட்டில் ஃப்ராவ் ஹோஃப்மான் என்று ஒரு அம்மா. ஹெர் என்றால் இங்கே திரு, ஃப்ராவ் என்றால் திருமதி. ஒருநாள் என் போனில் உங்கள் இருவரின் படத்தைப் பார்த்துவிட்டுப் பெயர் கேட்டார். யாழினி முருகேசன், கவின் முருகேசன் என்று பெருமையாகச் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. என் கையைத் தட்டிக்கொடுத்தார். "உங்கள் மனைவியின் முதல் கல்யாணத்துப் பிள்ளைகளையும் சொந்தப் பிள்ளையாக நினைக்கிறீர்களே, நல்ல மனசு" என்றார். முருகேசன் நான்தான், பழனிசாமி என் அப்பா, பிள்ளைகளுக்குப் பின்னால் இருப்பது என் பெயர் என்று எனக்குத் தெரிந்த ஜெர்மன் முழுவதையும் செலவழித்துச் சொன்னேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். நம்பவில்லை. அதிலிருந்து கிறிஸ்துமஸ் வந்தால் உங்களுக்கென்று இனிப்புப் பெட்டி கட்டிக் கொடுக்கும்போது, அப்பனில்லாத பிள்ளைகள் என்று கொஞ்சம் கூடவே வைக்கிறார்.

அவர் ஒன்றும் முழுக்கத் தப்பாக நினைக்கவில்லை என்று இந்த வருஷம் எனக்குத் தோன்றிவிட்டது.

கவின், போன வாரம் நீ போனில் கேட்டாய். "ஏனுங்ப்பா, ஆவணிக்குள்ள வந்தர்றேன்னீங்க. ஐப்பசியும் போச்சு. ஏன் வரல?" நான் சிக்னல் சரியில்லை கண்ணு என்று சொல்லி வைத்துவிட்டேன். அடுத்த நாள் யாழினி பேசினாள். "ப்ளஸ் டூ முடிச்சதும் நேரா வேலைக்குப் போயிக்கறேனுங்ப்பா. நானும் கோடிங் எழுதறேன்ல. நீங்க காலேஜுக்குப் போயா இந்த வேலைக்கு வந்தீங்க?" அதற்கும் நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. இரண்டு கேள்விக்கும் பதில் ஒன்றுதான். வாயால் சொன்னால் பாதியில் மறுபடியும் சிக்னல் மேல் பழியைப் போட்டுவிடுவேன் என்று எழுதுகிறேன். என்னைப் போலப் பட்டம் இல்லாமல் கீபோர்டைத் தட்டியே பாதி ஆயுசைக் கழித்தவர்கள் ஊரிலும் வெளிநாட்டிலும் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்கள் கண்ணில் பட்டாலும் படட்டும்.

நான் ப்ளஸ் டூ முடித்தபோது கணபதியில் எந்தப் பட்டறையிலும் சான்றிதழ் கேட்கிற வழக்கம் கிடையாது. லேத்தில் கடையப் புதிதாக வரும் டர்னரின் கையில் ஒரு இரும்புத் துண்டைக் கொடுத்து, "ஒரு பீஸ் கடைஞ்சு காட்டு" என்பார்கள். அவன் கடைந்து வைத்ததை முதலாளி அளந்து பார்ப்பார். சரியாக இருந்தால் டீ வரும். டீ வந்துவிட்டால் வேலை கிடைத்துவிட்டது என்று அர்த்தம். வராவிட்டால் அவனே சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவான். ஒரு பம்ப்செட் கம்பெனி முதலாளி அந்த நாளில் கம்ப்யூட்டர் ஒன்று வாங்கி வைத்திருந்தார். அதில் ஸ்டாக் கணக்கு போடும் புரோகிராம் திடீர் திடீரென்று நின்றுபோகும். டியூஷன் சென்டரில் நான் கம்ப்யூட்டர் கற்றுக்கொள்வது தெரிந்து கூப்பிட்டனுப்பினார். "ஏங்கண்ணு, இத ஓட்டிக்காட்டு பாக்கலாம்" என்றார். மூன்று சாயங்காலம் உட்கார்ந்தேன். ஓடியது. டீ வந்தது. காலேஜில் இடம் கிடைத்திருந்தும் நான் போகவில்லை. உங்கள் தாத்தாவும் போ என்று சொல்லவில்லை. சோலி கற்றுக்கொள்ளத்தானே படிப்பு, சோலியே கையில் வந்துவிட்டதே என்று அவரும் நினைத்தார், நானும் நினைத்தேன்.

அதன்பிறகு அவிநாசி ரோட்டில் ஒரு சின்ன மென்பொருள் கம்பெனி. அங்கே நான் சேர்ந்ததும் இதே மாதிரிதான். பல வருஷம் இருந்தேன். காலேஜ் முடித்து வந்த பிள்ளைகளோடு சேர்ந்து வேலை செய்தேன். அவர்களிடம் கற்றுக்கொண்டும் இருக்கிறேன், அதை மறைக்க வேண்டியதில்லை. ஒரு வேலையை எத்தனையோ வருஷமாக என் போக்கில் செய்துகொண்டிருந்தேன். அதற்கு ஒரு பெயர் உண்டு, அதைப் பற்றிப் புத்தகமே இருக்கிறது, என்னுடையதைவிடச் சுருக்கமான வழியும் அதில் இருக்கிறது என்று புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் சொல்லித்தான் தெரிந்தது. காலேஜில் ஒன்றுமே இல்லை என்று சொல்கிறவன் காலேஜுக்குப் போனவனாகத்தான் இருப்பான். போகாதவனுக்குத் தெரியும், எந்தெந்த இடத்தில் இருட்டில் தடவினோம் என்று.

அந்தக் கம்பெனிதான், கவின் நீ எல்.கே.ஜி. சேர்ந்த வருஷம், ஒரு வருஷத்துக்கு மட்டும் என்று என்னை இங்கே அனுப்பியது. இயந்திர பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலை. அதன் உற்பத்திக் கணக்கைப் பார்க்கும் பழைய புரோகிராமைக் கவனித்துக்கொள்ளும் வேலை. ஒரு வருஷம் முடிவதற்குள் அவிநாசி ரோட்டுக் கம்பெனியை வேறு யாரோ வாங்கி, பெயரையும் பலகையையும் கழற்றிவிட்டார்கள். தொழிற்சாலைக்காரர்களே என்னை வைத்துக்கொள்வதாகச் சொன்னார்கள். நான் பயந்துகொண்டேதான் போனேன். ஏனென்றால் இது சான்றிதழ் நாடு. முடிவெட்டும் கடையில்கூடக் கண்ணாடிக்கு மேலே சட்டம் போட்ட சான்றிதழ் தொங்குகிறது. ரொட்டி சுடுகிறவர், குழாய் மாட்டுகிறவர், எல்லோரும் மூன்று வருஷம் பயின்று பரீட்சை எழுதியவர்கள். ஆனால் எங்கள் பிரிவின் தலைவி ஃப்ராவ் கெல்லர் என்னிடம் கேட்டது வேறு. முந்தின நாள் ராத்திரி புரோகிராம் நின்றுபோன பதிவைத் திரையில் காட்டி, "இதை எங்கிருந்து பார்க்க ஆரம்பிப்பீர்கள்?" என்றார். பார்த்தேன். மத்தியானத்துக்குள் சரியாகிவிட்டது. எழுந்து போய் ஒரு கோப்பை காபியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. காபி ரொம்பச் சூடோ என்று மன்னிப்புக் கேட்டார். கணபதிப் பட்டறை வழக்கம் இந்த அம்மாவுக்கு எப்படித் தெரியும் என்று நான் எந்த பாஷையில் கேட்பது? கம்ப்யூட்டர் வேலைக்கு மட்டும் பட்டத்துக்குப் பதில் அனுபவம் போதும் என்று இங்கே ஒரு விதி இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு தங்கிவிட்டேன். உங்கள் பள்ளிக்கூடம், அம்மாவின் மில் ஆபீஸ் வேலை, இவற்றையெல்லாம் பெயர்த்தெடுத்துக்கொண்டு வர முடியாது, நான்தான் திரும்பி வர வேண்டும், இன்னும் ஒரு வருஷம் என்று ஒவ்வொரு வருஷமும் சொல்லிக்கொண்டோம்.

இந்த வைகாசியில் கார்த்திகாவின் கல்யாணம் வந்தது. என் தங்கை மல்லிகாவின் மகள். நான் தாய்மாமன், போகாமல் இருக்க முடியுமா? பத்திரிகை அடித்ததும் படம் எடுத்து தங்கராசு அனுப்பினார். மல்லிகாவின் வீட்டுக்காரர், கணபதியில் மோட்டார் ரீவைண்டிங் பட்டறை வைத்திருக்கிறாரே, உங்கள் மாமா, அவர்தான். ஒறம்பரை சொந்தபந்தங்களின் பெயர்கள் இரண்டு பக்கமும் கட்டம் கட்டி இருந்தன. தாய்மாமன் என்ற இடத்தில், "ப. முருகேசன், பி.இ., ஜெர்மனி." உடனே கூப்பிட்டேன்.

"மாப்ள, நான் எப்பங்க பி.இ. முடிச்சேன்?"

"அட உடுங்க மச்சான். மாப்பிள்ளை ஊட்டுப் பக்கம் பாத்தீங்களா? பெரியப்பன், சித்தப்பன் அத்தனை பேருக்கும் ரெண்டு ரெண்டு பட்டம். நம்ம பக்கம் தாய்மாமன் பேரு பின்னாடி ஒண்ணுமில்லாம, வாலறுந்த பல்லியாட்ட நின்னா நல்லாவா இருக்கும்?"

"அதுக்குன்னு இல்லாதத போடறதுங்களா?"

"கம்ப்யூட்டர்ல சோலி பாக்கறவரு, அதுவும் ஜெர்மனில. பி.இ.ன்னு போடாம பின்ன என்னத்தப் போடறது? அச்சாபீஸ்காரனே கேட்டானுங்க, அண்ணன் பி.இ.யா எம்.இ.யான்னு. நாந்தான் கொறைச்சுப் போடச் சொன்னேன்."

சிரித்துவிட்டேன். வெள்ளைக்காரர்களிடம் இந்தக் கதையைச் சொன்னால் புரியாது. நம் ஊரில் பத்திரிகையில் போடும் பட்டம் என்பது கல்யாணத்துக்குப் போட்டுக்கொண்டு போகும் பட்டுச் சட்டை மாதிரி. அதை யாரும் பிரித்துத் துணியைச் சோதிப்பதில்லை. அப்படித்தான் நினைத்தேன்.

அன்னூர் ரோட்டு மண்டபத்தில் பந்தியில் எனக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்தவர் சிவக்குமார். மாப்பிள்ளையின் சித்தப்பா. சரவணம்பட்டியில் ஒரு பெரிய மென்பொருள் நிறுவனத்தில் மேனேஜர். நல்ல மனிதர், அதை இப்போதும் சொல்வேன். நான் இங்கே என்ன வேலை செய்கிறேன் என்று விசாரித்தார். சொல்லச் சொல்ல அவர் கை இலையிலேயே நின்றுவிட்டது.

"அண்ணா, இதே சோலிக்குத்தான் நாங்க ஆறு மாசமா ஆளத் தேடிட்டிருக்கறோமுங்க. இத்தன நாளா எங்கீங்க இருந்தீங்க?"

"ஜெர்மனீலதானுங்க. பத்திரிகையில போட்டிருக்குதே" என்றேன். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள்.

அன்றைக்குச் சாயங்காலமே என் விவரங்களை அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். படிப்பு என்ற இடத்தில் ப்ளஸ் டூ என்று உள்ளதை உள்ளபடிதான் எழுதியிருந்தேன். அடுத்த வாரம் நேர்முகம் நடந்தது. மூன்று பேர், மூவரும் என்னைவிட இளையவர்கள். மரியாதையாகப் பேசினார்கள், வேலையைப் பற்றி மட்டுமே கேட்டார்கள். சில கேள்விகளுக்குப் பதில் தெரிந்தது, ஒன்றிரண்டுக்குத் தெரியவில்லை என்று சொன்னேன். பட்டத்தைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. எனக்கு டீ வந்துவிட்ட மாதிரி இருந்தது.

புதுப் பெண் மாப்பிள்ளைக்கு நம் வீட்டில் விருந்து வைத்த ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கு நினைவிருக்கும். சிவக்குமார் குடும்பத்தோடு வந்திருந்தார். இலை போட்டதும் எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார். "முடிஞ்சுதுங்கண்ணா. மூணு பேரும் நீங்கதான் வேணும்னு சொல்லிப்போட்டாங்க. இனி ஆர்டர் வர்றதெல்லாம் வெறும் பேப்பர் சோலி. நம்ம ஊட்டுக் காரியம் மாதிரி நெனச்சுக்கோங்க." உங்கள் அம்மா ரசம் ஊற்றிக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றாள். கவின், நீ சாப்பாட்டை விட்டு எழுந்துபோய் மாடி அறையில் இருந்த உன் கேரம் போர்டை எடுத்து வெளியே வைத்தாய், அப்பா மேஜைக்கு இடம் வேண்டும் என்று. நான் அன்றைக்கே ஃப்ராவ் கெல்லருக்கு ராஜினாமாவை அனுப்பிவிட்டேன். மூன்று மாதம் இருந்து வேலையை ஒப்படைத்துவிட்டு ஆவணிக்குள் வந்துவிடுவதாக உங்களுக்குச் சொன்னேன். காகிதம் கைக்கு வராமல் இருக்கிற வேலையை விடுவார்களா என்று இங்கே யாரும் கேட்பார்கள். நம் பக்கம் இலைக்கு முன்னால் உட்கார்ந்து ஒருவர் சொன்ன சொல்லுக்கு மேல் காகிதம் கேட்டால், அவரை நம்பவில்லை என்று ஆகும். சம்பந்தி வீட்டுக்காரரிடம் அப்படிக் கேட்க எனக்கு நாக்கு வரவில்லை.

நான் விமானம் ஏற நாலைந்து நாள் இருக்கும்போது கம்பெனியிலிருந்து நேரில் வரச் சொன்னார்கள். கண்ணாடி அறை. அலுவலர் ஒரு சின்னப் பெண், தன்மையானவர். காபி வந்தது.

"சார், டிகிரி சர்ட்டிஃபிகேட்டும் மார்க் ஷீட்டும் ஒரிஜினல் காட்டினீங்கன்னா வெரிஃபிகேஷன் முடிஞ்சிடும்."

"அம்மணி, நான் ப்ளஸ் டூதானுங்க. அனுப்புன பேப்பர்லயே போட்டிருக்கறனே."

அவர் திரையைத் திருப்பிக் காட்டினார். கம்பெனியின் விண்ணப்பத்தில் என் பெயருக்கு நேராக பி.இ. என்று இருந்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு புரிந்தது. உள்ளேயிருந்து பரிந்துரைக்கிறவர் நிரப்புகிற விண்ணப்பம் அது. சிவக்குமார்தான் நிரப்பியிருக்கிறார். என் தாளில் ப்ளஸ் டூவோடு நின்றிருந்ததைப் பார்த்து, அவசரத்தில் மேற்படிப்பை எழுத மறந்துவிட்டார் என்று நினைத்து, கல்யாணப் பத்திரிகையைப் பார்த்து எழுதியிருக்கிறார்.

"இத யார் சார் ஃபில் பண்ணினது? நீங்களா, இல்ல ரெஃபர் பண்ணினவங்களா? அவங்க மாத்தியிருந்தா அவங்க மேல ஆக்ஷன் எடுக்க வேண்டி வரும். அதனாலதான் கேக்கறேன்."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சிவக்குமார் நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்து, முடிந்ததா என்பதுபோலக் கட்டை விரலை உயர்த்தினார். அவருடைய வீட்டுக்கு கார்த்திகா மருமகளாகப் போய் ஒரு மாதம்கூட ஆகவில்லை. அவள் கல்யாணத்தில் எந்தச் சடங்கும் என் கை இல்லாமல் நடக்கவில்லை. தாய்மாமன் வந்து சித்தப்பன் சோற்றில் மண்ணைப் போட்டான் என்கிற பேச்சோடு அவள் அந்த வீட்டில் காலம் தள்ள வேண்டுமா?

"நான்தானுங்க போட்டேன்" என்றேன்.

அந்தப் பெண் முகத்தில் ஏமாற்றம் தெரிந்தது. தப்பான தகவல் கொடுத்தவர் என்று பதிவாகும், இனி இந்த நிறுவனத்துக்கு விண்ணப்பிக்க முடியாது என்று தாழ்ந்த குரலில் சொன்னார். எழுந்தவன், மனசு கேட்காமல் ஒன்று கேட்டேன். "அம்மணி, உண்மைய ப்ளஸ் டூன்னே போட்டிருந்தா கெடச்சிருக்குமுங்களா?"

அவர் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். "இல்ல சார். டிகிரிய செலக்ட் பண்ணலைன்னா அந்த ஃபார்ம் அடுத்த பக்கத்துக்கே போகாது."

யாழினி, உன் கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதில் எனக்குத் தெரியாது. உண்மையைச் சொன்னால் கதவு திறக்காது. பொய்யைச் சொன்னால் திறந்து, பிறகு மூஞ்சியில் அடித்துச் சாத்தும். உள்ளே மூன்று பேர் என்னை அளந்து பார்த்துச் சரி என்றார்கள். ஆனால் இப்போது வாசலில் நிற்பது ஆள் இல்லை, அந்த ஃபார்ம். இரும்புத் துண்டை அதன் கையில் கொடுத்து அளந்து பார் என்று கேட்க முடியாது.

வீட்டில் உங்கள் அம்மாவிடம் மட்டும் முழுசாகச் சொன்னேன். மற்றவர்களிடம், பட்டம் கேட்கிறார்கள், இல்லை, அதனால் வேலை இல்லை என்றதோடு நிறுத்திக்கொண்டேன். உங்கள் இருவருக்கும் அதுகூடத் தெரிய வேண்டாம் என்றேன். தங்கராசு ஓடி வந்தார். "மச்சான், வடக்க ஏதோ ஒரு யுனிவர்சிட்டியாமா. பழைய வருஷத்துத் தேதி போட்டே பட்டம் தாராங்களாம். நம்ம பட்டறைக்கு வர்ற ஒருத்தரோட மச்சினன் வாங்கியிருக்கறான். பேசட்டுங்களா?"

"வேண்டாமுங்க மாப்ள. நீங்க குடுத்த பட்டமே எனக்குப் போதும்."

அவர் அதைக் கேலியாக எடுத்துக்கொண்டு சிரிக்கத்தான் பார்த்தார். மல்லிகா சிரிக்கவில்லை. என் தங்கைக்குச் சொல்லாததும் கேட்கும். "பல்லிக்கு வால் வெச்சு அழகு பாத்தீங்கல்லங்க? நீங்க வெச்ச ரெண்டெழுத்து எங்கண்ணன மறுபடியும் ஏரோப்பிளேன் ஏத்தீருச்சு" என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போனவள், நான் கிளம்பும்வரை வெளியே வரவில்லை. தங்கராசு வாசல் படியில் உட்கார்ந்து தலையைக் கையில் பிடித்துக்கொண்டார். பாசத்தில் ஒருவர் போட்டார், பாசத்தில் இன்னொருவர் அதைப் பார்த்து எழுதினார். யார்மேல் நான் கோபப்படுவது? கோபப்பட ஆள் கிடைக்காத கோபம் இருக்கிறதே, அது உள்ளேயே கிடந்து புளிக்கிறது. கவின், விமான நிலையத்தில் நீ, "கரெக்டா ஆவணிதானுங்ப்பா?" என்று கேட்டாய். "வாரேன் கண்ணு" என்றேன். வரமாட்டேன் என்று தெரிந்தேதான் சொன்னேன்.

இங்கே வந்து ஃப்ராவ் கெல்லர் முன்னால் நின்றேன். ராஜினாமாவைத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாமா என்று கேட்டேன். ஊரில் வேலை அமையவில்லை என்றேன். "உங்கள் ஊரிலேயே இத்தனை வருஷம் வேலை செய்தவர்தானே நீங்கள்? அவர்களுக்கு உங்களைத் தெரியாதா?" என்று கேட்டார். பட்டம் இல்லை என்று சொன்னேன். "அதுதான் உங்களுக்கு எப்போதுமே இல்லையே" என்றார், புரியாமல். பத்திரிகை, தாய்மாமன், வாலறுந்த பல்லி, இதையெல்லாம் நான் எப்படிச் சொல்ல? அவர் என்னை உற்றுப் பார்த்துவிட்டு, ஏதோ புரிந்துவிட்டதுபோலச் சிரித்தார். ஒரு வருஷ ஒப்பந்தம் மட்டும்தான் இப்போது தர முடியும், பழைய நிரந்தர வேலையில் வேறு ஆளை அமர்த்த உத்தரவாகிவிட்டது என்றார். சரி என்றேன். மறுநாள் மத்தியானம் எல்லோரையும் கூட்டி ஒரு கேக்கை வெட்டினார். "ஹெர் பழனிசாமி தன் ஊருக்கே போய்ப் பார்த்தும், நம்மை விட்டுப் பிரிய மனம் வராமல் திரும்பிவிட்டார்" என்று சொன்னார். கை தட்டினார்கள். ஒரு பையன் என் தோளைத் தட்டி, இனி இதுதான் உங்கள் வீடு என்றான். நான் அந்தக் கேக்கைத் தின்றேன். 

இதையெல்லாம் இப்போது எழுத முடிவதற்குக் காரணம், சிவக்குமார் அந்தக் கம்பெனியில் இன்றைக்கு இல்லை. புரட்டாசியில் ஆட்குறைப்பு என்று ஒரு கூட்டத்தையே வெளியே அனுப்பினார்கள். நிரல் எழுதுகிற இயந்திரங்கள் வந்துவிட்டன, இத்தனை மேனேஜர் எதற்கு என்றார்களாம். இரண்டு பட்டங்களோடு அவரும் வெளியே வந்தார். வந்தபிறகுதான் யாரோ சொல்லி விஷயம் தெரிந்து என்னைக் கூப்பிட்டார். "அண்ணா, நான்தான் போட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமல்லங்க? எப்படியும் போற சோலிக்காக நீங்க கெட்ட பேரு வாங்கீட்டீங்களே" என்று போனிலேயே அழுதார். எனக்கும் அன்றைக்கு அழுகை வந்தது, அவருக்காக இல்லை. நான் காப்பாற்றியதாக நினைத்த வேலை மூன்று மாதம்கூட நிற்கவில்லை. அவர் இப்போது வேலை தேடுகிறார். அவருக்கு அந்த அடுத்த பக்கம் திறக்கிறது. திறந்து, உங்கள் அனுபவம் அதிகம், வயசு அதிகம் என்று சொல்கிறதாம்.

ஆக யாழினி, அனுபவம் உள்ளவனுக்குப் பட்டம் வேண்டுமா என்றால், வேலையைச் செய்ய வேண்டாம், வேலைக்குள் நுழைய வேண்டும், வேலையில் நிலைக்க அதுவும் உதவாது. உன் அப்பன் இருபத்தைந்து வருஷ வேலையில் கண்டது இவ்வளவுதான். காலேஜில் சேர் அம்மணி. அறிவு அங்கே மட்டும்தான் இருக்கிறது என்று நான் சொல்லமாட்டேன். கொஞ்சம் இருக்கிறது, நான் தடவிய இருட்டில் பாதியாவது உனக்கு இருக்காது. மீதிக்கு அந்தக் காகிதத்தை வாங்கிப் பீரோவில் வை. என்றைக்காவது நீ உன் பிள்ளைகளோடு ஒரே ஊரில் இருக்க ஆசைப்படுவாய். அன்றைக்கு எவனும் உன்னை ஒரு பீஸ் கடைந்து காட்டு என்று கேட்கப் போவதில்லை.

தங்கராசு தை மாதத்தில் பட்டறைக்குப் புது ஷெட் திறக்கிறார். போன வாரம் கூப்பிட்டார். குரல் ரொம்பத் தணிந்திருந்தது.

"மச்சான், அழைப்பிதழ் அடிக்கோணும். உங்க பேரு பின்னாடி இந்தத் தடவ என்னங்க போடறது?"

"ஒண்ணும் போடாதீங்க மாப்ள. பேரு மட்டும் இருக்கட்டும்."

"மொட்டையாவுங்களா?"

"மொட்டையாவேதான்."

நேற்று அழைப்பிதழ் போனில் வந்தது. அவருக்கு மனசு வரவில்லை. "ப. முருகேசன், ஜெர்மனி" என்று போட்டிருக்கிறார். மற்றவர்களுக்குப் பட்டம் இருக்கும் இடத்தில் எனக்கு ஒரு நாடு. வரப்போவதில்லை என்று தெரிந்தும் வரவேற்பவர்களில் ஒருவனாக முதல் வரிசையில் இருக்கிறேன். ஆபீஸில் அச்செடுத்து வந்து, வீட்டுக் கதவின் உள்பக்கம் ஒட்டி வைத்திருக்கிறேன். கதவுக்கு இந்தப் பக்கம் நான் ஜெர்மனிக்காரன். கீழே வாசலில், மணிக்குப் பக்கத்தில், கணபதிக்காரர் பழனிசாமி.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே மணி அடித்தது. பார்சல்காரர் அப்பாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். எழுந்து போனவன், என்னையறியாமல் தமிழில், "வாரேன், வாரேனுங்க" என்று குரல் கொடுத்தேன். அவருக்குப் புரிந்திருக்காது. ஆனாலும் கீழே காத்து நின்றார்.